லிங்கி சகோதரிகள்

லில்லியும் பஞ்சாலையும் இனிமேல் சேர்ந்து பாடப்போவதில்லை என்ற செய்தி கெனாங்கா தோட்டத்தில் பரவிய அன்று, குழாயடியில் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "எவன்லா காரணம்?" என்பதுதான். யாரோ ஓர் ஆண் காரணமாக இருந்தே தீரவேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பிரசார வேன் ஓட்டும் தங்கராஜுவின் பெயரை ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, லில்லி வேதக்காரி, பஞ்சாலை மாரியம்மன் கோயில்காரி, எத்தனை நாளைக்கு ஒட்டும் என்றாள். பஞ்சாலை குடத்தோடு வந்து நின்றதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாய்க்குள் சிரிப்பை மென்றுகொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்க்கப் பஞ்சாலைக்குப் பிடிக்கவில்லை. குடம் நிறையுமுன் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

உண்மையில் அவர்களுக்குள் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் மலாயாவில் லிங்கிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். லில்லி ஆயாக்கொட்டகையில் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். பஞ்சாலை பால் மரம் வெட்டினாள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. லில்லிக்குத் தோட்டத்து மாதாகோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பழக்கம்; கணீரென்று மேலே ஏறும் குரல். பஞ்சாலைக்குக் கனத்த குரல், கொஞ்சம் கரகரப்பு. ஒரு கல்யாண வீட்டில் விளையாட்டாகச் சேர்ந்து பாடியபோதுதான், இரண்டு குரலும் ஒன்றோடொன்று எப்படி இழைகிறது என்பது அவர்களுக்கே தெரிந்தது. அன்று பாடியது அவர்களாகக் கட்டிய பாட்டு. வேலையை மேற்பார்வை பார்க்கச் சைக்கிளில் வரும் மண்டோரைக் கேலி செய்கிற பாட்டு.

"சைக்கிள் வண்டி ஓட்டி வரும் சின்ன மண்டோரே,
சக்கரத்துல காத்து இல்ல, பாத்து வாங்கய்யா!"

பந்தியில் உட்கார்ந்திருந்த மண்டோரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கோயில் திருவிழா, மாதா திருநாள், காதுகுத்து எதுவானாலும் சைக்கிள் பாட்டு இல்லாமல் நடக்கவில்லை. சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து ஆட்கள் லாரி ஏறி வந்து அழைத்துப்போனார்கள். 'லில்லிபஞ்சாலை' என்று ஒரே பெயராகச் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஆயிற்று.

பிறகு வெள்ளைக்கார சர்க்கார் அறிவித்த அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கையில் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். விடிந்ததும் கேட்டில் வரிசையாக நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள். வாளியைக் கவிழ்க்கச் சொல்வாள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. விடிய விடிய நடக்கிற நாடகமும் கூத்தும் அதோடு போயின. ஒரு சந்தேகத்தின் பேரில் மாயாண்டி என்ற மரம் வெட்டுகிறவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பலேற்றிவிட்டார்கள் என்று பேச்சு. எங்கே இறக்கினார்கள் என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாது.

அப்படி அடைந்து கிடந்த ஜனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் லில்லியும் பஞ்சாலையும் பாடுவதுதான் மிச்சமிருந்த சந்தோஷம். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் கணேசமூர்த்தி வந்தார்.

கணேசமூர்த்தி சிரம்பானிலிருந்து பிரசார வேனில் வந்த அதிகாரி. வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தைத் துடைக்க வாசனை போட்ட கைக்குட்டை. வேனின் மேலே இரண்டு ஒலிபெருக்கி இருந்தது. தோட்டம் தோட்டமாகப் போய், காட்டிலிருப்பவர்களுக்கு உதவாதீர்கள் என்று சொல்வது அவர் வேலை. அவர் பேச ஆரம்பித்தால் ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் என்கூட வந்து பாடுங்க" என்றார் அவர். "மைக் இருக்கு. போக வர பாஸ் தருவோம். அப்புறம் ரேடியோவுக்கும் சொல்லி வைக்கிறேன். கோலாலம்பூர்ல ஒங்க குரலைக் கேப்பாங்க."

ரேடியோ என்ற வார்த்தையில் லில்லி விழுந்துவிட்டாள். பஞ்சாலைக்கு அந்த பாஸ் போதும். முள்கம்பிக்கு வெளியே போய் வரலாம், அந்தச் சோதனைக்காரி கையை மேலே வைக்கமாட்டாள்.

அவர்தான் 'லிங்கி சகோதரிகள்' என்று பெயர் வைத்தார். ஒரே நிறத்தில் இரண்டு சேலை வாங்கிக் கொடுத்தார். சைக்கிள் பாட்டின் மெட்டுக்கு வேறு வார்த்தை எழுதிக் கொடுத்தார்.

"காட்டுக்குள்ள போனவனே, கஞ்சி ஆறிப்போகுதடா,
வீட்டுக்குத்தான் வந்துபுடு, வெளக்கு எரிஞ்சு நிக்குதடா!"

பாட்டு மோசமில்லை. பாடும்போது சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பஞ்சாலை பார்த்திருக்கிறாள். லிங்கி, ரந்தாவ், சுங்கை காடுட் என்று வேன் போன இடமெல்லாம் கூட்டம் அலைமோதியது. பெண்பிள்ளைகள் லில்லியைப்போல் நெற்றியில் ஒரு சுருளை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சுங்கை காடுட்டில் யாரோ ஒருவன் பஞ்சாலையின் சேலை முந்தானையில் ஒரு துண்டைக் கத்திரித்துக்கொண்டு ஓடினான். வேனில் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் அத்தனை நெருக்கத்தில் ஓர் ஆணின் கையும் கத்திரியும் இருந்தது என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

எல்லாவற்றையும் முடித்துவைத்தது ரந்தாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நடந்த சம்பவம்.

அன்று அவர்கள் போய் இறங்கியபோது திடலில் வழக்கமான கூட்டம் இல்லை. ஜனங்கள் லயத்து வாசல்களில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடலின் நடுவில் ஒரு பட்டாளத்து லாரி. அதன் பக்கத்தில் தரையில் தார்ப்பாயை விரித்து இரண்டு பிணங்களைப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் காட்டில் சுடப்பட்டவர்கள். ஒருவன் வயதானவன். இன்னொன்று சீனப் பெண், சின்ன வயது. அவள் கால்களில் செருப்பில்லை. ஒரு பக்கத்து முகம் இல்லை. வெயிலில் நெடுநேரம் கிடந்ததில் வயிறு ஊதி, சட்டைப் பொத்தான் தெறித்திருந்தது. ஈ மொய்த்து, அந்த இடமே கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது.

வேன் கதவைத் திறந்ததும் வாடை உள்ளே வந்தது. பஞ்சாலை முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"யாராவது அடையாளம் காட்டணும்" என்றார் கணேசமூர்த்தி. அவரும் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். "இந்தத் தோட்டத்துல இவங்களுக்குச் சோறு குடுத்தவன் இருக்கான். ஆனா ஒருத்தனும் கிட்ட வரமாட்டேங்கிறான். நீங்க பாடுங்க. கூட்டம் தானா வரும்."

"இங்கயா சார்?" என்றாள் லில்லி.

"இங்கதான். மைக்கைப் பக்கத்துல கொண்டாந்து வைக்கச் சொல்லிட்டேன்."

"சார், நாத்தம் தாங்கல."

"கொஞ்ச நேரம்தாம்மா. மூணு பாட்டு பாடிட்டுப் போயிடலாம்." மேடைக்குப் பந்தல் சரியில்லை என்பதற்குச் சமாதானம் சொல்வதுபோலத்தான் அவர் பேசினார்.

லில்லி ஆர்மோனியத்தை விரித்தாள். பஞ்சாலையின் கையில் கஞ்சிரா இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெளிவதற்கு முன்பே பழக்கத்தில் விரல் தட்ட ஆரம்பித்துவிட்டது. காட்டுக்குள்ள போனவனே, கஞ்சி ஆறிப்போகுதடா.

கணேசமூர்த்தி சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஜனங்கள் வந்தார்கள். முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள், பிறகு ஆண்கள். பாட்டுக்கு வந்தவர்கள் பிணத்தைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளைப் பிடித்து எக்கினார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு ஆள் காகிதப் பொட்டலத்திலிருந்து கச்சான் கொட்டையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டே, குனிந்து அந்தச் சீனப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து லில்லியைப் பார்த்தான். இரண்டு பார்வையும் ஒரே மாதிரி இருந்தது.

பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இது வேணாம்லா! சைக்கிள் பாட்டு பாடுங்க!"

"ஆமா, சைக்கிள் பாட்டு!" என்று நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

பஞ்சாலை லில்லியைப் பார்த்தாள். லில்லியின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவள் விரல்கள் ஆர்மோனியத்தில் சைக்கிள் பாட்டின் சுரத்தைப் பிடித்துவிட்டன. பஞ்சாலை வாயைத் திறந்தாள். ஓர் ஈ உதட்டில் வந்து உட்கார்ந்தது. அது எங்கிருந்து எழுந்து வந்தது என்பதை அவள் பார்த்திருந்தாள்.

கஞ்சிராவைக் கீழே போட்டுவிட்டு வேனுக்குப் பின்னால் ஓடினாள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வாந்தி எடுக்கும்போது, தனியாக லில்லி மட்டும் பாடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. சக்கரத்துல காத்து இல்ல, பாத்து வாங்கய்யா. ஜனங்கள் தாளம் போட்டுக் கை தட்டினார்கள்.

டிரைவர் தங்கராஜு ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "கொப்பளிச்சுக்கம்மா" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. இதைத்தான் யாரோ பார்த்து, அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று பின்னால் கட்டிவிட்டார்கள்.

அன்று யாரும் யாரையும் அடையாளம் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து பஞ்சாலை சோப்பு போட்டுக் குளித்தாள். வாயில் உப்பைப் போட்டுத் தேய்த்தாள். அம்மா மயிலம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மறுபடி ஓங்கரித்தது.

"என்னடி, முழுகாம இருக்கியா?" என்றாள் மயிலம்மாள், குரலைத் தாழ்த்தி.

பஞ்சாலை அம்மாவை வெறித்துப் பார்த்தாள். "ஆமா ஆத்தா, ஒனக்கும் அதுதான் தோணுது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஆயாக்கொட்டகைக்குப் போனாள். பிள்ளைகளை எல்லாம் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். லில்லி தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பஞ்சாலையைப் பார்த்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு, தானே பேச்சை ஆரம்பித்தாள்.

"நான் ஏன் நிறுத்தலன்னு கேக்க வந்தியா?"

"இல்ல."

"ரெண்டு பேரும் நிறுத்தியிருந்தா என்னா ஆயிருக்கும்? காட்டுக்காரங்களுக்கு ஆளுன்னு அங்கயே எழுதிக்கிட்டுப் போயிருப்பாங்க. நீ ஓடிட்ட. ஒருத்தியாவது நின்னு பாடணும்லா."

"தெரியும் லில்லி. அதுக்காகத்தான் பாடினேன்னு தெரியும்."

லில்லி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அதுக்காக மட்டும் இல்ல" என்றாள். "பாட ஆரம்பிச்ச பிறகு எனக்கு நாத்தம் தெரியல பஞ்சா. பாட்டுதான் தெரிஞ்சுது. அதை நெனச்சா எனக்கே என்மேல அருவருப்பா இருக்கு."

பஞ்சாலை அவள் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "என்னால இனிமே முடியாது" என்றாள். "வாயைத் தொறந்தா ஈ வருது. காலையில மரம் வெட்டுறப்பகூட ஒரு முணுமுணுப்பு வரல."

"என்னால விடமுடியாது. வேன்ல பாடலன்னா வேற எங்க பாடுறது? ராத்திரி மேடை இல்ல. ரேடியோவுக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு. அவர் சொல்றது பொய்யோ நெசமோ, அதுதான் இருக்கு எனக்கு."

"நீ பாடு. நான் வேணாங்கல."

"கோவமா?"

"ஒன்மேலயா? போடி."

அவ்வளவுதான் நடந்தது. இருவரும் சேர்ந்து தரையைக் கழுவி முடித்தார்கள். பிரிவதைச் சொல்லாமல் விட்டால் ஜனங்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கெனாங்கா திடலிலேயே கடைசியாக ஒரு தடவை சேர்ந்து பாடி, சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று லில்லிதான் யோசனை சொன்னாள். பஞ்சாலைக்கு இஷ்டமில்லை. ஆனால் இத்தனை வருஷமாக வந்து கேட்ட ஜனங்களுக்கு ஒரு கும்பிடு போடாமல் போவது முறையில்லை என்று பட்டது. பழைய பாட்டு மட்டும்தான், வேன் பாட்டு கிடையாது என்றாள். லில்லி சரி என்றாள்.

செய்தி கணேசமூர்த்திக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. வேனை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். தோட்ட ஆபீஸ் வராந்தாவில் இருவரையும் உட்காரவைத்து, தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார்.

"பிரியறது நல்லதுதான்" என்றார். "நல்லபடியா செய்வோம். நானே மைக் தர்றேன். பெரிய கூட்டமா சேப்போம். ஆனா ஒண்ணு. ஏன் பிரியறீங்கன்னு ஜனங்க கேப்பாங்க. அதுக்கு ஒரு காரணம் வேணும்."

"காரணம் இருக்குதே சார்" என்றாள் பஞ்சாலை.

"அது இல்லம்மா." அவர் சிரித்தார். "காட்டுக்காரங்க ஒன்ன மெரட்டினாங்கன்னு சொல்லு. மரம் வெட்டுற எடத்துக்கு ஒருத்தன் வந்து, இனிமே பாடினா நாக்கை அறுப்பேன்னு சொன்னான்னு சொல்லு. அதான் நீ விட்டுட்ட. லில்லி பயப்படாம தொடர்ந்து பாடுவா. கேக்கும்போதே எப்படி இருக்கு பாரு! ஒரு பாட்டுக்காரி வாயையே மூடிட்டாங்க பாவிங்கன்னு ஜனங்க கொதிச்சுப் போயிடுவாங்க."

"என்னை யாரும் மெரட்டல சார்."

"அது எனக்குத் தெரியாதா?"

"யாரு வந்தான்னு போலீசுல கேப்பாங்க. நான் யாரைக் காட்டுறது? எங்க லயத்துல எவனையாவது காட்டணுமா? மாயாண்டி மாதிரி இன்னொருத்தன் போகணுமா?"

"இருட்டா இருந்துச்சு, மொகம் தெரியலன்னு சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்." தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். பிறகு லில்லியைப் பார்த்து, "ரேடியோ விஷயம் அடுத்த மாசம் முடிஞ்சிடும்போல இருக்கு" என்றார். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லாததுபோல அதைச் சொன்னார்.

பஞ்சாலை தன் கோப்பையைக் கீழே வைத்தாள். தேத்தண்ணியில் ஏடு படிந்திருந்தது. அவர் உதட்டோரத்திலும் அதே ஏடு ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பைவிட அந்தத் திடலில் கிடந்தது எவ்வளவோ சுத்தம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் பேசமாட்டேன் சார்" என்றாள்.

"நீ பேசவேணாம். அழுதுக்கிட்டு நில்லு, போதும். லில்லி பேசுவா."

லில்லி தலை குனிந்தபடி இருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போதும் அவள் பேசவில்லை. பஞ்சாலையும் கேட்கவில்லை. கேட்டு, "ஆமா, சொல்லப்போறேன்" என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்தைப்போல் கெனாங்கா தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பாஸ் வாங்கிக்கொண்டு லாரியில் வந்தார்கள். லில்லி, பஞ்சாலை பெயரைச் சொல்லி அழுத பெண்பிள்ளைகளும் இருந்தார்கள், மாலை கட்டிக் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் வேறொன்று இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களா, தங்கராஜு எங்கே நிற்கிறான், பஞ்சாலையின் வயிறு தள்ளியிருக்கிறதா என்று கண்களால் மேய்ந்துகொண்டிருந்தார்கள். கோழிச் சண்டைக்கு வட்டம் கட்டி உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் நாலு பாட்டு பாடினார்கள். பஞ்சாலைக்குக் குரல் சரியாக எழவில்லை. லில்லி தன் குரலைத் தாழ்த்தி அவளோடு சேர்ந்து நடந்தாள். இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில், கல்யாண வீட்டில் முதல்முறை பாடியபோது இருந்த அந்த இழைப்பு ஒரு நொடி வந்துபோயிற்று. லில்லிக்கும் அது தெரிந்தது. ஆர்மோனியத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு கணேசமூர்த்தி வந்து மைக்கைப் பிடித்தார். லிங்கி சகோதரிகள் இன்று ஒரு துயரமான செய்தி சொல்லப்போகிறார்கள், எல்லாரும் அமைதியாகக் கேட்கவேண்டும் என்றார். லில்லியிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

லில்லி கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் இனிமே சேந்து பாடமாட்டோம்" என்றாள். "எங்களுக்குள்ள சண்டை இல்ல. எந்த ஆம்பளையும் காரணம் இல்ல. சாமியும் காரணம் இல்ல."

கூட்டத்தில் ஒரு முனகல்.

"எங்களை யாரும் மெரட்டல. காட்டுலேருந்து யாரும் வரல. வந்தாங்கன்னு யாராச்சும் பின்னால சொன்னா நம்பாதீங்க. பொணத்துக்குப் பக்கத்துல நின்னு பாடச் சொன்னாங்க. நாங்க பாடினோம். பஞ்சாலைக்கு அதுக்கு மேல பாட முடியல. அவ்வள..."

ஒலிபெருக்கி செத்துப்போயிற்று. கணேசமூர்த்தியின் கை வேனுக்குள் இருந்தது. லில்லியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பஞ்சாலை முன்னால் வந்து லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு எப்பவும் ஆதரவா இருந்தீங்க. பெரிய கும்பிடு" என்று தன்னால் முடிந்த அளவு கத்திச் சொன்னாள். அழுதுகொண்டிருந்த பெண்பிள்ளைகள் இன்னும் அழுதார்கள். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று காத்திருந்தார்கள்.

"உள்ள விஷயத்தைச் சொல்லுங்கலா!" என்று ஒருவன் கத்தினான்.

"தங்கராஜுவைக் கூப்புடு!" என்று இன்னொருவன். ஒரே சிரிப்பு.

மைக் இல்லாமல் அவர்கள் ஒரு பாட்டு பாடினார்கள். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. பாட்டின் பாதியிலேயே ஜனங்கள் எழுந்து சேலையையும் கைலியையும் தட்டிக்கொண்டு, ஏமாந்த முகத்தோடு லாரிகளை நோக்கி நடந்தார்கள். கட்டி வந்த மாலைகளில் இரண்டைப் போகிறபோக்கில் மேடையில் வீசிவிட்டுப் போனார்கள். ஒன்று ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது.

வேனில் ஏறும்போது கணேசமூர்த்தி லில்லியைப் பார்த்து, "ஒனக்கு எவ்வளவு நல்லது பண்ண நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். உண்மையிலேயே மனம் நொந்தவர் போலத்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு பஞ்சாலையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துக் கேட்டார்கள். லில்லி சொன்னதையே அவளும் சொன்னாள். விட்டுவிட்டார்கள். கேட்டில் சோதனைக்காரி மட்டும் முன்பைவிட அழுத்திச் சோதித்தாள். லில்லிக்கு ரேடியோவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஆயாக்கொட்டகை வேலையும் வேறு ஒருத்திக்குப் போனது. லில்லி அம்பாங்கானில் இருந்த அத்தை மரியம்மா வீட்டுக்குப் போய், அங்கே ஒரு தையற்கடையில் சேர்ந்துகொண்டாள். மாதாகோயிலில் பாடுகிறாள் என்று கேள்வி.

ஆறேழு மாதம் கழித்து, கெனாங்கா திடலுக்கு அதே வேன் வந்தது. குழாயடியில் நின்றிருந்த பஞ்சாலைக்கு ஒலிபெருக்கி கேட்டது. "உங்கள் அபிமான லிங்கி சகோதரிகள்!" என்றார் கணேசமூர்த்தி.

அவள் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். மேடையில் இரண்டு பெண்கள். ஒரே நிறத்தில் சேலை. ஒருத்தி ஆர்மோனியம், ஒருத்தி கஞ்சிரா. நெற்றியில் அதே சுருள். காட்டுக்குள்ள போனவனே, கஞ்சி ஆறிப்போகுதடா. கூட்டம் கை தட்டியது. இவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண், பஞ்சாலை என்று தெரிந்தும் தெரியாதவள்போல, "இதுங்க நல்லாத்தான் பாடுதுங்க. பழசுங்களுக்குத் திமிர்" என்று தன் கூட வந்தவளிடம் சொன்னாள்.

முடிந்ததும் பஞ்சாலை வேனுக்குப் பின்னால் போனாள். கஞ்சிரா அடித்த பெண் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பதினாறு பதினேழு வயதுதான் இருக்கும்.

"ரந்தாவ் பக்கம் போயிருக்கியா?" என்று கேட்டாள் பஞ்சாலை.

"எல்லாப் பக்கமும் போவோம்க்கா."

"லாரியில பொணம் கொண்டாருவாங்களே. அங்கயும் பாடச் சொல்றாங்களா?"

அந்தப் பெண் ரொட்டியை மென்று முழுங்கினாள். "ம். மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. மூக்குக்குள்ள தைலம் தடவிக்கிட்டா ஒண்ணும் தெரியாதுக்கா. இப்பப் பழகிப்போச்சு." பிறகு, "நீங்க எங்களோட ரசிகரா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாலை பஸ் ஏறி அம்பாங்கானுக்குப் போனாள். லில்லி அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாலை நடந்ததை எல்லாம் சொன்னாள். லிங்கி சகோதரிகள் என்றதும் லில்லி வாய்விட்டுச் சிரித்தாள். தைலத்தைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோயிற்று. மீன் ஒரு பக்கம் கருகுகிறவரை அப்படியே நின்றாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்னா?" என்றாள்.

"கேக்கல. எனக்கு அங்க நிக்கவே புடிக்கல. திரும்பி வந்துட்டேன்."

"கேட்டிருக்கணும் பஞ்சா."

"ஆமா."

லில்லி மீனைத் திருப்பிப் போட்டாள். "அடுத்த வாரம் எங்க பாடுறாங்க?"

"லிங்கியில. ஆத்தங்கரைப் பக்கம் இருக்கிற தோட்டத்துல."

"எனக்கு பாஸ் கெடைக்குமான்னு பாக்குறேன்" என்றாள் லில்லி. "ரெண்டு பேரும் போவோம். அந்தப் புள்ளைங்களோட ஒக்காந்து பேசணும். நம்மகிட்டதான் யாரும் வந்து பேசல." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப் போட்டாள். கருகாத பக்கத்தைப் பஞ்சாலைக்கு வைத்தாள்.